கட்டளை நிகழ்வு கையாளல்

கட்டளை நிகழ்வு கையாளல் என்பது, கணினியில் இயங்கும் ஒரு மேசைத்தள மென்பொருளிடம் பயனர் ஒரு செயலைக் கோரும்போது, அக்கோரிக்கையை அம்மென்பொருள் இனங்கண்டு, உரிய நிரற்பகுதியிடம் ஒப்படைத்து நிறைவேற்றும் முறையாகும். சேமி, அச்சிடு, வெட்டு, ஒட்டு, மூடு போன்றவை பயனர் கட்டளைகளுக்கு எடுத்துக்காட்டுகள். ஒரு கட்டளை பிறப்பிக்கப்பட்டது என்று மென்பொருளுக்குள் எழும் அறிவிப்பு கட்டளை நிகழ்வு எனவும், அதற்கு விடையளிக்கும் நிரற்பகுதி கையாளி எனவும் வழங்கப்படுகின்றன.

சில மென்பொருள்கள், அவற்றை ஆக்கியவர்கள் எழுதிய நிரலுடன் பயனர் எழுதும் சிறுநிரல்களும் சேர்ந்து இயங்க இடம் தருகின்றன. இவை சிறுநிரல் ஏற்கும் மென்பொருள்கள் எனப்படும். மைக்ரோசாப்ட் எக்செல், மைக்ரோசாப்ட் வேர்ட், லிப்ரெஓபிஸ், ஈமாக்ஸ் ஆகியன இவ்வகையின. இவற்றில் ஒரு கட்டளை நிகழ்வுடன் பயனர் தமது சிறுநிரலைப் பிணைக்கலாம். கட்டளை நிறைவேறும் முன் அச்சிறுநிரல் ஒரு சோதனையைச் செய்யலாம், கட்டளையை மாற்றலாம், அல்லது முற்றிலும் தடுக்கலாம்.

இத்துறையில் தொடக்க நிலையினர் பெரும்பாலும் தவறவிடும் வேறுபாடு ஒன்று உண்டு. விசை அழுத்தம் வேறு, கட்டளை வேறு. விசையைக் கவனிக்கும் சிறுநிரல், அதே கட்டளை வேறு வழியில் வரும்போது செயற்படாது. தமிழில் தட்டச்சு செய்வோரைப் பொறுத்தவரை இவ்வேறுபாட்டின் விளைவு இன்னும் பெரிது. தமிழ் எழுத்து பெரும்பாலும் ஒரு விசையின் நேரடி விளைவாக அன்றி, உள்ளீட்டு மென்பொருள் ஒன்றின் இடையீட்டால் உருவாகிறது.

நிகழ்வும் கட்டளையும்

வரைகலை இடைமுகம் கொண்ட மென்பொருள் தொடக்கம் முதல் முடிவு வரை நேர்கோட்டில் ஓடுவதில்லை. அது பெரும்பாலான நேரம் காத்திருக்கிறது. பயனர் சுட்டியை நகர்த்தினாலோ விசையை அழுத்தினாலோ இயங்குதளம் அதனை ஒரு செய்தியாக்கி வரிசையொன்றில் இடுகிறது. மென்பொருளின் நிகழ்வுச் சுழல் அவ்வரிசையிலிருந்து செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து உரிய கையாளிக்கு அனுப்புகிறது. இம்முறை நிகழ்வுசார் நிரலாக்கம் எனப்படும்.

வரிசையில் வரும் நிகழ்வுகளை இரண்டு தளங்களாகப் பிரிக்கலாம்.

* கீழ்த்தள நிகழ்வுகள்: விசை அழுத்தப்பட்டது, விசை விடப்பட்டது, சுட்டி சொடுக்கப்பட்டது போன்றவை. இவை பயனரின் கை என்ன செய்தது என்பதை மட்டும் கூறுகின்றன.
* கட்டளை நிகழ்வுகள்: சேமிக்க வேண்டும், அச்சிட வேண்டும், தெரிவு செய்த பகுதியை வெட்ட வேண்டும் போன்றவை. இவை பயனர் எதை விரும்பினார் என்பதைக் கூறுகின்றன.

ஒரே கட்டளைக்குப் பல வழிகள் உண்டு. அச்சிட விரும்பும் பயனர் கண்ட்ரோல் விசையுடன் பி விசையை அழுத்தலாம், பட்டியைத் திறந்து அச்சிடு என்பதைத் தெரியலாம், கருவிப்பட்டையின் பொத்தானைச் சொடுக்கலாம். மூன்றும் வெவ்வேறு கீழ்த்தள நிகழ்வுகளாயினும் கட்டளை ஒன்றே. நன்கு வடிவமைக்கப்பட்ட மென்பொருளில் இம்மூன்று பாதைகளும் ஓரிடத்தில் ஒன்றுசேர்கின்றன. சிறுநிரலைப் பிணைக்க உகந்த இடம் அதுவே.

விண்டோஸ் இயங்குதளத்தில் இந்த ஒன்றுசேர்தல் வெளிப்படையாகத் தெரியும். பட்டியில் ஓர் உருப்படியைத் தெரிந்தாலும் அதற்கு ஈடான குறுக்குவிசையை அழுத்தினாலும், சாளரத்திற்கு வருவது கட்டளைச் செய்தி என்ற ஒரே வகைச் செய்திதான். அச்செய்தியின் எண் 273. எந்தக் கட்டளை என்பதைக் குறிக்கும் அடையாள எண்ணும், அது பட்டியிலிருந்து வந்ததா குறுக்குவிசையிலிருந்து வந்ததா என்ற குறிப்பும் அதனுடன் இணைந்திருக்கும்.

வரலாறு

1976 ஆம் ஆண்டளவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் உருவாக்கிய ஈமாக்ஸ் உரைத்தொகுப்பி, கட்டளையை விசையிலிருந்து பிரித்த முன்னோடி மென்பொருள்களுள் ஒன்று. 1985 இல் வெளிவந்த குனூ ஈமாக்ஸ், லிஸ்ப் மொழியின் ஒரு வகையைத் தன் சிறுநிரல் மொழியாகக் கொண்டது. ஈமாக்ஸில் ஒவ்வொரு விசையும் ஒரு கட்டளையின் பெயருடன் பிணைக்கப்பட்டுள்ளது. சாதாரண எழுத்தொன்றை அழுத்துவதுகூட, அவ்வெழுத்தை உரையில் இடும் ஒரு கட்டளையையே இயக்குகிறது. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னரும் பின்னரும் பயனரின் சிறுநிரல்களை இயக்குவதற்கான கொக்கிகள் உள்ளன. இக்கொக்கியில் மாட்டப்பட்ட சிறுநிரல் பிழைபட்டால் ஈமாக்ஸ் அதனைக் கொக்கியிலிருந்து நீக்கிவிடுகிறது. இல்லையெனில் ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் பிழை எழுந்து, பயனர் எதையுமே தட்டச்சு செய்ய இயலாமற் போகும்.

1987 இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஹைப்பர்கார்டு, நிரலாளர் அல்லாதோருக்கும் நிகழ்வு கையாளலை அறிமுகப்படுத்தியது. பில் அட்கின்சன் உருவாக்கிய இம்மென்பொருளில், பொத்தானைச் சொடுக்கினால் எழும் செய்தி முதலில் அப்பொத்தானின் சிறுநிரலைச் சென்றடையும். அங்கே கையாளி இல்லையெனில் அட்டை, பின்புலம், அட்டைக்கட்டு என ஒவ்வொரு படியாக மேலேறி இறுதியில் ஹைப்பர்கார்டையே அடையும். பட்டியிலிருந்து தெரியப்படும் கட்டளைகளும் இவ்வாறே செய்தியாக அனுப்பப்பட்டன. எனவே அட்டைக்கட்டை எழுதியவர் ஒரு பட்டிக் கட்டளையை இடைமறிக்க முடிந்தது. இடைமறித்தவர் செய்தியை மேலே கடத்த மறந்தால் அக்கட்டளை செயலற்றுப் போனது.

மைக்ரோசாப்ட் வேர்டில் வேறொரு முறை கையாளப்பட்டது. உள்ளமைந்த கட்டளையின் பெயரையே ஒரு மேக்ரோவுக்கு இட்டால், அக்கட்டளைக்குப் பதிலாக அந்த மேக்ரோ இயங்கும். வேர்ட் 97 முதல் பயன்பாடுகளுக்கான விஷுவல் பேசிக் மொழி அதன் சிறுநிரல் மொழியாயிற்று.

2002 இல் முதற் பதிப்பு வெளிவந்த ஓபன்ஆபிஸ்.ஆர்க் மென்பொருளிலும், அதிலிருந்து 2010 இல் பிரிந்த லிப்ரெஓபிஸிலும் ஒவ்வொரு கட்டளைக்கும் முகவரி போன்ற ஒரு பெயர் உண்டு. பட்டி, பொத்தான், விசை ஆகிய மூன்றும் அப்பெயரைக் கொண்டே கட்டளையை அனுப்புகின்றன. அனுப்பும் பாதையில் இடைமறிப்பி ஒன்றைப் பொருத்தவும் வழியுண்டு. இவற்றின் மேக்ரோ பதிவு வசதியும் பயனர் அழுத்திய விசைகளைப் பதியாமல் கட்டளைகளையே பதிகிறது. தட்டச்சு செய்த உரை, உரையைச் செருகு என்ற கட்டளையாகப் பதியப்படும்.

கையாளியின் விடை

நிகழ்வொன்றைப் பெற்ற சிறுநிரல் மூன்று வகையில் விடையளிக்கலாம்.

* கவனித்துக் கடத்தல்: தன் வேலையைச் செய்துவிட்டு நிகழ்வை அடுத்த கையாளிக்கு விடுதல்.
* ஏற்றுக்கொள்ளல்: நிகழ்வைத் தானே நிறைவேற்றி, அடுத்த கையாளிக்குச் செல்லாதவாறு நிறுத்துதல்.
* தடுத்தல்: தானும் நிறைவேற்றாமல், மற்றவற்றையும் நிறைவேற்ற விடாமல் கட்டளையை ரத்து செய்தல்.

லிப்ரெஓபிஸின் விசைக் கையாளி உண்மை என்ற மதிப்பைத் திருப்பினால், நிகழ்வு ஏற்கப்பட்டது என்று பொருள். பொய் என்று திருப்பினால் அது அடுத்த கையாளிக்குச் செல்லும். எக்செலில் அச்சிடும் முன், சேமிக்கும் முன், மூடும் முன் எழும் நிகழ்வுகளுடன் ரத்து என்ற ஒரு மாறி சேர்ந்து வருகிறது. சிறுநிரல் அதனை உண்மை என மாற்றினால் கட்டளை நின்றுவிடும். சேமித்த பின் போன்ற நிகழ்வுகளில் செயல் ஏற்கெனவே நடந்து முடிந்திருப்பதால் அவற்றில் தடுக்க எதுவும் இல்லை. எனவே ஒரு சோதனையை முன் நிகழ்வில் வைப்பதா பின் நிகழ்வில் வைப்பதா என்பது சிறுநிரல் எழுதுமுன் முடிவு செய்ய வேண்டியதாகும்.

எடுத்துக்காட்டு: பொருள் அனுப்புச் சலான்

அம்பத்தூர் தொழிற்பேட்டையை அடுத்த கள்ளிக்குப்பத்தில் இயங்கும் ஒரு சிறு கடைசல் பட்டறை, தன் சலான்களை எக்செல் விரிதாளில் ஆயத்தம் செய்வதாகக் கொள்வோம். பாகங்களை முலாம் பூசுவது போன்ற வேலைக்காக வேறு பட்டறைக்கு அனுப்பும்போது அவற்றுடன் சலான் செல்ல வேண்டும். சரக்கு மற்றும் சேவை வரி விதிகளின்படி அச்சலானில் 16 குறிகளுக்கு மிகாத தொடர் எண் இருத்தல் வேண்டும். எண் இல்லாத சலான் அச்சாகாமல் தடுப்பதே சிறுநிரலின் நோக்கம்.

இதற்கு மூன்று வழிகளை நினைக்கலாம்.

முதல் வழி, தாளில் அச்சிடு என்று ஒரு பொத்தானை வைத்து அதன் சிறுநிரலில் சோதனையை எழுதுவது. பொத்தானைச் சொடுக்குவோருக்குச் சோதனை நடக்கும். கோப்புப் பட்டியிலிருந்து அச்சிடுவோருக்கு நடக்காது.

இரண்டாவது வழி, கண்ட்ரோல் விசையும் பி விசையும் சேர்ந்து அழுத்தப்படுவதைக் கவனித்து ஒரு சிறுநிரலை இயக்குவது. எக்செலில் இதற்கு வசதி உண்டு. எனினும் இதுவும் ஒரு வழியை மட்டுமே மறிக்கிறது.

மூன்றாவது வழி, பணிப்புத்தகத்தின் அச்சிடும் முன் நிகழ்வைக் கையாள்வது. எக்செல் பயனர் எவ்வழியில் அச்சிடக் கோரினாலும் இந்நிகழ்வு எழும். அதன் அமைப்பைத் தமிழில் பின்வருமாறு எழுதிக் காட்டலாம்.

அச்சிடும் முன் (ரத்து):
    எண் = சலான் எண் கட்டத்தின் மதிப்பு
    எண் வெறுமையாக இருந்தால்:
        ரத்து = உண்மை
        எச்சரிக்கைக் கட்டத்தில் அறிவிப்பை எழுதுக
    இல்லையெனில்:
        எச்சரிக்கைக் கட்டத்தை வெறுமையாக்குக
முடிவு

இங்கே அறிவிப்பைச் செய்திப் பெட்டியில் காட்டாமல் கட்டத்தில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எக்செலின் விஷுவல் பேசிக் தொகுப்பி ஒருங்குறியை முழுமையாகக் கையாளாத பழைய அமைப்புடையது. அதில் தமிழ் எழுத்துகளை நேரடியாக எழுதினால் அவை கேள்விக்குறிகளாக மாறுகின்றன. அம்மொழியின் வழமையான செய்திப் பெட்டியிலும் இதே நிலைதான். ஆகவே தமிழ் அறிவிப்பை மறைக்கப்பட்ட ஒரு கட்டத்தில் முன்னரே எழுதி வைத்து, சிறுநிரல் அதனை எச்சரிக்கைக் கட்டத்துக்குப் படியெடுப்பது எளிது. மாற்றாக, எழுத்துகளை ஒருங்குறி எண்களால் அமைக்கலாம். க என்ற எழுத்தின் எண் பதின்ம முறையில் 2965, புள்ளியின் எண் 3021. எனவே க் என்பதற்கு இவ்விரு எண்களும் அடுத்தடுத்து வரும். லிப்ரெஓபிஸின் பேசிக் தொகுப்பியில் தமிழை நேரடியாகவே எழுதலாம்.

இந்நிகழ்வு அச்சு முன்தோற்றம் காணும்போதும் எழுகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எண்ணை இடுவதற்கு முன் தாள் எவ்வாறு தோன்றும் என்று பார்க்க விரும்பும் பயனரையும் இச்சிறுநிரல் தடுத்துவிடும்.

தமிழ் உள்ளீடும் விசை நிகழ்வுகளும்

ஆங்கில உரையைப் பொறுத்தவரை ஒரு விசை அழுத்தம் ஓர் எழுத்து என்று கொள்வது பெரும்பாலும் பொருந்தும். தமிழுக்கு இது பொருந்தாது. விசைப்பலகைக்கும் மென்பொருளுக்கும் இடையே உள்ளீட்டு மென்பொருள் அமர்ந்து, விசை நிகழ்வுகளைத் தான் ஏற்று, பொருத்தமான எழுத்துகளை மென்பொருளுக்கு வழங்குகிறது. முகுந்தராஜின் எ-கலப்பை அத்தகையது. அதன் தொடக்கப் பதிப்புகள் டாவுல்டெசாப்ட் நிறுவனத்தின் கீமேன் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டிருந்தன. லினக்ஸில் ஐபஸ் சட்டகமும் எம்17என் நூலகமும் இப்பணியைச் செய்கின்றன.

இவ்வுள்ளீட்டுக் கருவிகள் தாமும் சிறுநிரல் ஏற்பவையே. கீமேனிலும் எம்17என் நூலகத்திலும் விசைப்பலகை என்பது விதிகளால் ஆன ஓர் உரைக்கோப்பாகும். முன்னுள்ள எழுத்து இன்னது, அழுத்திய விசை இன்னது எனில் விளைவு இன்னது என்று ஒவ்வொரு விதியும் கூறும்.

1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழக அரசால் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில், ஒரே மெய்க்குரிய விசையை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வரும். அம்மா என்ற சொல்லுக்கு அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். ஒலிபெயர்ப்பு முறையான அஞ்சல் விசைப்பலகையில் ஆங்கில ஏ, எம், எம், ஏ, ஏ என்ற ஐந்து விசைகள் தேவை. ஒவ்வொரு விசைக்குப் பின்னும் ஆவணத்தில் உள்ள ஒருங்குறிக் குறிகளின் எண்ணிக்கை பின்வருமாறு அமையும்.

தமிழ்99 முறையில்:
* முதல் விசை: அ (1)
* இரண்டாம் விசை: அம (2)
* மூன்றாம் விசை: அம்ம (4)
* நான்காம் விசை: அம்மா (5)

அஞ்சல் முறையில்:
* முதல் விசை: அ (1)
* இரண்டாம் விசை: அம் (3)
* மூன்றாம் விசை: அம்ம் (5)
* நான்காம் விசை: அம்ம (4)
* ஐந்தாம் விசை: அம்மா (5)

தமிழ்99 முறையின் மூன்றாம் விசை ஒரே அழுத்தத்தில் இரண்டு குறிகளைச் சேர்க்கிறது. அஞ்சல் முறையின் நான்காம் விசை ஒரு குறியைக் குறைக்கிறது. இறுதியில் படிப்பவர் காண்பது மூன்று எழுத்துகள், கணினி சேமிப்பது ஐந்து குறிகள். எக்செலின் நீளம் காணும் சார்பு இச்சொல்லுக்கு 5 என்றே விடை தரும்.

இதனால் விசை நிகழ்வுகளை எண்ணிக் கொண்டு உரையின் நீளத்தை அறியவோ, எழுத வேண்டிய இடத்தை வரையறுக்கவோ, தட்டச்சு செய்த எழுத்து எதுவென ஊகிக்கவோ முயலும் சிறுநிரல் தமிழில் பிழைபடும். உள்ளீட்டு மென்பொருள் ஏற்றுக்கொண்ட விசை மென்பொருளை வந்தடையாமலே போகலாம். விண்டோஸின் உள்ளீட்டு முறைத் தொகுப்பிகள் ஏற்ற விசைக்கு, எந்த விசையாயினும் 229 என்ற பொது எண்ணே கிடைக்கும். ஆகவே உரை மாறியது, உரை ஒப்படைக்கப்பட்டது போன்ற நிகழ்வுகளைக் கவனித்து, அப்போதுள்ள முழு உரையையும் படித்துப் பார்ப்பதே பாதுகாப்பான முறை.

இதன் மறுபக்கமும் உண்டு. கண்ட்ரோல் விசையுடன் அழுத்தப்படும் விசை உரைக்கானதன்று, கட்டளைக்கானது. உள்ளீட்டு மென்பொருள் அதனைத் தொடாமல் கடத்த வேண்டும். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது சி விசை ஒ என்ற எழுத்தைத் தருவதால், எழுத்தை வைத்துக் குறுக்குவிசையை அடையாளம் காணும் மென்பொருளில் படியெடுக்கும் கட்டளை இயங்காமற் போகலாம். விசையின் இடத்தையோ இலத்தீன் அமைப்பையோ வைத்துக் குறுக்குவிசையை அடையாளம் காணும் மென்பொருளில் இச்சிக்கல் எழுவதில்லை. பட்டியின் வழியே அதே கட்டளை எப்போதும் இயங்கும் என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது.

பாதுகாப்பு

கட்டளையை இடைமறிக்கும் வசதி தீங்கு செய்வோருக்கும் கிடைக்கிறது. 1995 இல் பரவிய கான்செப்ட் என்னும் மேக்ரோ நச்சுநிரல், வேர்டில் ஆவணம் திறக்கும் நிகழ்வின்போது இயங்கி, வேறு பெயரில் சேமி என்ற கட்டளையைத் தன் மேக்ரோவால் பதிலீடு செய்தது. அதன்பின் பயனர் அக்கட்டளையைப் பயன்படுத்திச் சேமித்த ஆவணங்களிலும் அது தொற்றியது. 1999 மார்ச்சில் பரவிய மெலிசா, ஆவணம் திறந்தவுடன் பயனரின் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் உள்ள முதல் ஐம்பது முகவரிகளுக்குத் தன்னை அனுப்பியது.

இதன் விளைவாக அலுவலக மென்பொருள்கள் சிறுநிரல்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. லிப்ரெஓபிஸில் மேக்ரோ பாதுகாப்புக்கு நான்கு நிலைகள் உள்ளன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022 முதல், இணையத்திலிருந்து பெறப்பட்ட ஆவணங்களில் மேக்ரோக்கள் இயங்குவதை இயல்பாகவே தடுக்கிறது.

முன்னர் கண்ட சலான் எடுத்துக்காட்டுக்கும் இது பொருந்தும். மேக்ரோக்கள் முடக்கப்பட்ட நிலையில் அதே கோப்பைத் திறந்தால் அச்சிடும் முன் நிகழ்வுக்கான சிறுநிரல் இயங்காது. எண் இல்லாத சலான் எவ்விதத் தடையுமின்றி அச்சாகும். எனவே பயனரின் கணினியில் இயங்கும் கட்டளைக் கையாளி மறதியைத் தடுக்கப் பயன்படுமேயன்றி, வேண்டுமென்றே செய்யப்படும் முறைகேட்டைத் தடுக்கும் பூட்டாகாது. கட்டாயமாகக் காக்க வேண்டிய விதியை, தரவு சென்று சேரும் வழங்கியிலோ கணக்கு மென்பொருளிலோ சோதிக்க வேண்டும்.

கையாளி எழுதும்போது கவனிக்க வேண்டியவை

* விசையையோ பொத்தானையோ கவனிப்பதைவிட, கட்டளையையோ ஆவண நிகழ்வையோ கவனிப்பது நலம்.
* தனக்குத் தொடர்பில்லாத நிகழ்வுகள் அனைத்தையும் தவறாமல் கடத்த வேண்டும்.
* கையாளி தானே நிகழ்வை எழுப்பிச் சுழலில் சிக்கக்கூடும். கட்டம் மாறும் நிகழ்வின் கையாளி அதே தாளில் ஒரு கட்டத்தை மாற்றினால் அந்நிகழ்வு மீண்டும் எழும். எக்செலில் இதைத் தவிர்க்க நிகழ்வுகளைத் தற்காலிகமாக நிறுத்தலாம்.
* அவ்வாறு நிறுத்திய நிகழ்வுகளை, இடையில் பிழை நேர்ந்தாலும் மீண்டும் இயக்க வேண்டும். இயக்கத் தவறினால் மற்றக் கையாளிகளும் பயனருக்கு எவ்வித அறிவிப்புமின்றி ஓய்ந்துவிடும்.
* கையாளி விரைவில் முடிய வேண்டும். அது முடியும்வரை நிகழ்வுச் சுழல் காத்திருப்பதால் சாளரம் உறைந்தது போலத் தோன்றும்.
* எக்செலில் சிறுநிரல் தாளை மாற்றினால் அதற்கு முந்தைய செயல்களை மீளப்பெறும் வாய்ப்பு அழிந்துவிடுகிறது. பயனரின் உரையைத் தேவையின்றித் திருத்துவதைத் தவிர்க்க வேண்டும். சலான் எடுத்துக்காட்டில் எச்சரிக்கைக் கட்டத்தை எழுதும் செயலும் இவ்விளைவுக்கு விலக்கன்று.
* ஒரு கட்டளையைத் தடுக்கும்போது காரணத்தைப் பயனருக்குப் புரியும் மொழியில் அறிவிக்க வேண்டும். அறிவிப்பின்றித் தடுக்கப்பட்ட கட்டளையைப் பயனர் மென்பொருளின் பழுதாகவே கருதுவார்.

இவற்றையும் பார்க்க

* நிகழ்வுசார் நிரலாக்கம்
* வரைகலைப் பயனர் இடைமுகம்
* தமிழ்99 விசைப்பலகை
* எ-கலப்பை
* ஒருங்குறி
* மேக்ரோ நச்சுநிரல்
* லிப்ரெஓபிஸ்